கொடிக்குப் பின்னால் பெய்ஜிங்

சீனாவுக்குக் குழுச் சுற்றுலா போய்வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டில் ஒரு பதில் வரும். "அடேயப்பா, என்னா ரோடு, என்னா பில்டிங்கு! நாமெல்லாம் நூறு வருஷம் ஆனாலும் கிட்ட போக முடியாதுங்க" என்பது ஒன்று. "அவங்க காட்டினதத்தான் பார்த்தோம். உள்ள என்ன இருக்கோ யாரு கண்டா" என்பது மற்றது. முதலாமவர் கண்டதையெல்லாம் நம்பிவிட்டார். இரண்டாமவர் எதையுமே நம்பாமல் திரும்பிவிட்டார். இருவரும் ஒரே பேருந்தில், ஒரே வழிகாட்டியின் கொடிக்குப் பின்னால் போனவர்கள்தான்.

நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள், பள்ளி ஆசிரியர்கள், கடலூர், சிதம்பரம் கடைவீதிக்காரர்கள் என்று நம் பக்கத்து மக்களும் இன்று எட்டிப்பிடிக்கக்கூடிய பயணம் இது. 2020இல் நின்றுபோன இந்திய, சீன நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் மறுபடி ஓடத் தொடங்கியிருக்கின்றன. தலைக்கு லட்ச ரூபாயைத் தாண்டும் செலவு. ஆயுளில் ஒருமுறை போகிற இடம். ஆகவே இந்தப் பண்டத்தை நிறுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

எடைபோட மூன்று அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். தனியாகப் போனால் படும் சிரமத்தை இது உண்மையிலேயே குறைக்கிறதா? வழியில் நமக்குச் சொல்லப்படுவது சரியா, போதுமா? நம்முடைய சொந்தக் கேள்வி ஒன்றுக்காவது அந்த நகரத்தில் விடை தேட இடம் விடுகிறதா? பரிசோதனைக்கு எடுத்துக்கொள்ளும் ஊர் பெய்ஜிங். சீனா என்று பெயர் போட்ட பேக்கேஜ்களில் அநேகமாகத் தவறாமல் இடம்பெறுவது அதுதான். அரண்மனை, தியனன்மென் சதுக்கம், பெருஞ்சுவர், சொர்க்கக் கோயில், ரிக்‌ஷாவில் ஒரு சந்து, மாலையில் கடைத்தெரு என்று நிரல்கூட ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் கோல்: சிரமம்

இதில் குழுச் சுற்றுலா முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறது. பெய்ஜிங் அரண்மனைக்கு நுழைவுச்சீட்டு வாசலில் விற்பதில்லை. பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு. திங்கட்கிழமை வழக்கமாக மூடியிருக்கும். தியனன்மென் சதுக்கத்தில் கால் வைப்பதற்கே 2021 முதல் முன்பதிவு. பெருஞ்சுவரின் படாலிங் பகுதிக்கு 2019 முதல் நாளுக்கு 65,000 பேர் என்று கட்டுப்பாடு. கூகுளும் வாட்ஸ்அப்பும் அங்குள்ள இணையத்தில் வேலை செய்வதில்லை. தெருவோரக் காய்கறிக்காரர்கூடக் கைப்பேசியை நீட்டித்தான் காசு வாங்குகிறார். அலிபே, வீசாட் செயலிகளில் வெளிநாட்டு அட்டைகளைத் தாராளமாக இணைக்க வழி பிறந்ததே 2023இல்தான்.

சீன மொழி தெரியாத, அறுபது தாண்டிய, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைப் பெட்டியோடு போகிற தம்பதிக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு மதில். டிராவல்ஸ்காரர் இந்த மதில்களில் எல்லாம் கதவு திறந்து வைக்கிறார். அரண்மனையின் தெற்கு வாசலான வூமென்னில் பல நாட்டுக் கூட்டம் அலைமோதும் நேரத்தில், மடக்குக் குச்சியில் கட்டிய சிறு கொடியும் காதில் மாட்டிய ஒலிக்கருவியும்தான் ஒருவரைத் தொலையாமல் காக்கின்றன. அந்தக் கொடியைக் கேலி செய்வது சுலபம். அதைக் கேலி செய்கிறவர் எழுபது வயதுத் தாயாரை அங்கே கூட்டிப் போனதில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

இரண்டாம் கோல்: சொல்லப்படுவது

அரண்மனைக்குள் நுழைந்ததும் காதில் விழும் முதல் தகவல் பெரும்பாலும் இது: இங்கே 9,999 அறைகளும் ஓர் அரை அறையும் உள்ளன, விண்ணுலக அரசனுக்குப் பத்தாயிரம் என்பதால் மண்ணுலக அரசன் அரை அறை குறைத்துக் கட்டிக்கொண்டான். கதை அழகாக இருக்கிறது. 1973இல் வல்லுநர்கள் எண்ணிப் பார்த்தபோது கிடைத்த கணக்கு 8,700க்குச் சற்று மேல். அதுபோலவே பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும் என்ற கதை. 2003இல் விண்வெளிக்குப் போன முதல் சீனரான யாங் லிவெய், தன் கண்ணுக்குச் சுவர் தெரியவில்லை என்று திரும்பி வந்து சொன்னபின் சீனப் பள்ளிப் பாடங்களிலேயே அது சர்ச்சையானது. சுற்றுலாப் பேருந்துகளில் மட்டும் அதற்கு இன்னும் ஆயுள் கெட்டி.

இந்தப் பொய்களால் யாருக்கும் நட்டமில்லை. சிதம்பரத்தில் நம் வழிகாட்டிகள் சொல்லும் கதைகளையும் கல்வெட்டோடு ஒப்பிட்டால் இந்தக் கதிதான். என் குறை வேறு. கதைகளுக்கு ஒதுக்கிய நேரத்தில், அதைவிடச் சுவையான உண்மைகள் வெளியே நிற்கின்றன.

குழுவின் பேருந்து நகரத்தைச் சுற்றும் இரண்டாம் வட்டச் சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும். அந்தச் சாலை போகும் தடம் பழைய பெய்ஜிங்கின் கோட்டைச் சுவர் நின்ற தடம். 1950இல் லியாங் சிச்செங் என்ற கட்டடக்கலை அறிஞரும் சென் சான்சியாங் என்ற நகரமைப்பாளரும் ஒரு திட்டம் கொடுத்தார்கள்: புதிய அரசின் அலுவலகங்களைப் பழைய நகரத்துக்கு மேற்கே கட்டுவோம், பழைய நகரத்தை அப்படியே விட்டுவைப்போம் என்று. திட்டம் ஏற்கப்படவில்லை. சுவர் இடிக்கப்பட்டது, அதன் தடத்தில் கீழே மெட்ரோவும் மேலே சாலையும் வந்தன. சாலைகளைப் பார்த்து வாய் பிளக்கும் நம் பயணிக்கு, அந்தச் சாலையின் விலை என்ன என்று தெரியவேண்டிய இடம் அதுதான். போக்குவரத்து நெரிசலில் நிற்கும் அந்த அரைமணி நேரத்தில் சொல்லிவிடலாம். ஆனால் அப்போது வண்டியில் அந்தாட்சரி நடந்துகொண்டிருக்கும்.

இன்னொன்று. 72 ஹெக்டேரில் விரிந்த அந்த அரண்மனையில் பல மண்டபங்கள் வெறுமையாகத் தெரிவது ஏன்? 1933இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது அரும்பொருள்கள் பெட்டி பெட்டியாகத் தெற்கே போயின. உள்நாட்டுப் போரின் முடிவில் அவற்றில் 2,972 பெட்டிகள் தைவானுக்குக் கப்பலேறின. இன்று அவை தைபேயின் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு நாடு இரண்டான கதையை அந்தக் காலி மண்டபமே சொல்லும், யாராவது சொல்ல வைத்தால்.

மூன்றாவது, நமக்கு நெருக்கமானது. மண்டபங்களுக்கு வெளியே, தீயணைக்கத் தண்ணீர் நிரப்பி வைத்த பெரிய உலோகக் கொப்பரைகள் நிற்கின்றன. பொன்முலாம் பூசியவற்றின் உடம்பில் கத்தியால் சுரண்டிய கோடுகள். 1900இல் பெய்ஜிங்கில் புகுந்த எட்டு நாட்டுப் படையினர் தங்கத்துக்காகச் சுரண்டியது என்பது அங்கே வழக்கமாகச் சொல்லப்படுவது. குழுவில் எல்லோரும் அந்தக் கோடுகளைத் தடவிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த எட்டு நாட்டில் பிரிட்டன் அனுப்பிய படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள் என்பது யாருக்கும் சொல்லப்படாது. ஏழாம் ராஜபுத்திரப் படையில் போன கதாதர் சிங் அந்த அனுபவத்தை 'சீன் மே தேரஹ் மாஸ்' என்ற இந்தி நூலாக 1902இல் வெளியிட்டார். கொள்ளையைக் கண்டு மனம் நொந்து, சீனர் பக்கம் இரக்கத்தோடு எழுதியவர் அவர். வடக்கத்தியாரோடு இது நிற்கவில்லை. அதற்கு அறுபது ஆண்டு முன்னால், முதல் அபினிப் போரில், 1841 மே மாதம் கான்டன் பக்கம் சான்யுவான்லியில் கிராமத்தார் வளைத்துக்கொண்டது 37ஆம் மதராஸ் காலாட்படையின் ஒரு பிரிவை. சீனத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த நிகழ்ச்சி அது. கான்டன் கண்காட்சிக்குப் போகும் நம் வணிகர்களுக்கோ சான்யுவான்லி என்றால் தோல்பை மொத்தச் சந்தை.

ஆக இரண்டாம் கோலில் குழுச் சுற்றுலா தேறவில்லை. உள்ளூர் கைடு ஆங்கிலத்தில் சொல்வதைச் சென்னையிலிருந்து வந்த டூர் மேனேஜர் தமிழில் சுருக்கிச் சொல்கிறார். ஐந்து நிமிடம் பேசியது அரை நிமிடமாகி நம்மிடம் வரும்போது மிஞ்சுவது எண்ணிக்கையும் கதையும்தான்.

யார் மறைப்பது?

இப்போது 'அவங்க காட்டினதத்தான் பார்த்தோம்' என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். சீனா என்றதும் நாம் அதை அரசின் தலையில் போட்டுவிடுகிறோம். அரசுக்குப் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது. தியனன்மென் சதுக்கத்தில் நின்றால் அதன் பரப்பளவு கிடைக்கும், மாவோ நினைவகம் கிடைக்கும், மக்கள் மாமண்டபத்தின் இருக்கைகள் கணக்குக் கிடைக்கும். 1989 ஜூனில் அங்கே மாணவர் போராட்டம் ஒடுக்கப்பட்ட கதை மட்டும் கிடைக்காது. நம்மில் ஒருவர் துடுக்காகக் கேட்டுவிடலாம். நமக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பதில் சொல்ல வேண்டியவரின் உரிமமும் பிழைப்பும் போகலாம். அந்தக் கேள்வியைச் சதுக்கத்தில் வைத்துக் கேட்பது வீரம் ஆகாது. புறப்படுமுன் படித்துவிட்டுப் போய் மௌனமாக நின்று பார்ப்பதுதான் முறை.

ஆனால் அரசின் திரையை அளவுக்கு மேல் பெரிதாக்கவும் வேண்டாம். ஒரு காலத்தில் அது முழுத் திரையாகவே இருந்தது. சீன வானொலி 1963இல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூட அதற்கு நேயர் மன்றங்கள் இருந்தன. பொது அறிவுப் போட்டியில் வென்ற நேயர்கள் சீனத்துக்கு அழைக்கப்பட்டார்கள். விருந்தாளி என்பதால் அழைத்தவர் காட்டியதைப் பார்ப்பதுதான் மரியாதை. இன்று நாம் காசு கொடுத்துப் போகும் வாடிக்கையாளர்கள், நிலைமை வேறு. தவிர, காட்ட விரும்புவதைக் காட்டுவது சீனர்களுக்கு மட்டும் வாய்த்த கலையும் அல்ல. 2019 அக்டோபர் 11ஆம் தேதி ஷி ஜின்பிங் மாமல்லபுரத்துக்கு வந்தபோது நாம் என்ன செய்தோம்? காய்கனித் தோரணம் கட்டினோம், சுவருக்கெல்லாம் வண்ணம் அடித்தோம், நடைபாதைக் கடைகளை அகற்றினோம். அர்ச்சுனன் தபசிலிருந்து கடற்கரைக் கோயில்வரை அவர் பார்த்ததும் ஒரு வழிகாட்டிச் சுற்றுலாதான். அவர் பார்த்த மாமல்லபுரத்தை நம்மில் யாரும் அதற்கு முன்போ பின்போ பார்த்ததில்லை.

இரண்டாவது திரை வணிகம். இதுதான் நேரத்தைத் தின்கிறது. பெருஞ்சுவருக்குப் போகும் வழியில் பேருந்து ஒரு பச்சைக்கல் ஆலையில் திரும்பும். கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் சக்கரத்தில் கல்லைத் தேய்த்துக்கொண்டிருப்பார். வெள்ளைச் சட்டைப் பெண் ஒருவர் உள்ளங்கையில் இரண்டு வளையல்களை வைத்து, எது அசல் எது கண்ணாடி என்று சொல்லச் சொல்வார். தட்டிப் பார்த்து ஓசையால் அறிவது எப்படி என்று காட்டுவார். பத்து நிமிடப் பாடம் முடிந்ததும் பக்கத்துக் கதவு திறக்கும். அதற்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபம் அளவு கடை. வெளியேறும் வழி கடையின் கடைசியில் இருக்கும். மறுநாள் பட்டு, பிறகு முத்து, அதன்பின் தேநீர்ச் சடங்கு, கடைசியாக நாடி பிடித்துப் பார்க்கும் மருத்துவர். நாடி பார்ப்பது இலவசம். அவர் எழுதித்தரும் மருந்துக்குத்தான் காசு.

இதைச் சீன அரசு செய்யவில்லை. சொல்லப்போனால் தடுக்கப் பார்க்கிறது. 2013 அக்டோபர் முதல் தேதி நடைமுறைக்கு வந்த சீனச் சுற்றுலாச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, அடக்கத்துக்கும் குறைந்த விலையில் பயணிகளை இழுத்து, கடைகளுக்கு ஓட்டிப்போய்க் கமிஷனில் ஈடுகட்டும் பழக்கத்தைத் தடை செய்கிறது. பயணியின் சம்மதத்தோடு என்றால் விலக்கு உண்டு. அந்தச் சந்து வழியாகத்தான் 'ஆலைப் பார்வை', 'பண்பாட்டு அனுபவம்' என்ற பெயர்களில் கடைகள் நிரலுக்குள் வந்து உட்காருகின்றன. நாமோ விளம்பரத்தில் ஐயாயிரம் குறைவாகப் போட்டவரைத் தேடிப் போகிறோம். அந்த ஐயாயிரத்தைப் பச்சைக்கல் கடையில் கழிக்கும் மணி நேரங்களாகத் திருப்பிக் கட்டுகிறோம். பார்க்க வந்த நகரத்துக்கான பொழுதிலிருந்து போகிறது அது.

மூன்றாவது திரையை நெய்தவர்கள் நாமே. நிரலைப் பெய்ஜிங்கில் யாரும் எழுதவில்லை. சென்னையில், நம் விருப்பம் என்னவென்று நன்றாகத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். மதியமும் இரவும் இந்திய உணவகம் என்று கொட்டை எழுத்தில் போட்டால்தான் இடம் நிரம்பும். அதனால் நகரத்தின் ஒரு மூலையில் இருக்கும் உணவகத்துக்காகப் பேருந்து ஒருமணி நேரம் நெரிசலில் ஓடுகிறது, பனீரும் பருப்பும் சாப்பிட. பெய்ஜிங் தெருவில் காலையில் வட்டக் கல்லில் மாவை ஊற்றி, கட்டையால் இழுத்துச் சுற்றிப் பரப்பி, மடித்துத் தருகிறார்கள் ஜியன்பிங் என்ற பண்டத்தை. பாசிப்பயற்று மாவு சேர்ந்த, பார்த்தாலே தோசையின் தாயாதி என்று தெரிகிற சமாச்சாரம். முட்டை வேண்டாமென்று சைகை காட்டினால் சைவருக்கும் ஆகும். குழுவில் போன பெரும்பாலோர் அதைக் கண்ணாலும் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் ஹோட்டலின் இலவசக் காலை உணவு வரிசையில் நிற்கிறார்கள்.

சாலையைப் புகழ்கிறவர்கள் நிலத்துக்கு அடியில் இருப்பதைப் பார்ப்பதில்லை. 800 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது பெய்ஜிங் மெட்ரோ. குறைந்த கட்டணம் 3 யுவான். அறிவிப்பும் பெயர்ப்பலகையும் ஆங்கிலத்திலும் உண்டு. ஊர் மக்களோடு தோள் இடிக்க அதைவிட எளிய இடம் இல்லை. ஆனால் நிரலில் 'மெட்ரோப் பயணம்' என்று போட்டால், காசு வாங்கிக்கொண்டு ரயிலில் அலைக்கழிக்கிறான் என்று புகார் வரும் என டிராவல்ஸ்காரருக்குத் தெரியும்.

இப்படிக் கேள்வி இல்லாமல் போவது நம் பழைய குணமும் இல்லை. சோழர் தூதுக்குழு 1015இலும் 1033இலும் 1077இலும் சோங் அரசவைக்குப் போனதைச் சீன ஏடுகள் பதிந்திருக்கின்றன. குலோத்துங்கன் காலத்தில் போன கடைசிக் குழுவில் 72 பேர். அவர்களும் குழுவாகத்தான் போனார்கள், அரசு ஆட்கள் அழைத்துச் சென்ற வழியில்தான் போனார்கள். ஆனால் எது அங்கே விலைபோகும், எது இங்கே தேவைப்படும் என்ற கேள்வியை மடியில் கட்டிக்கொண்டு போனார்கள். அந்த வணிகத்தின் தொடர்ச்சிதான் குப்லாய்கான் காலத்தில், 1281இல், சுவான்சோ துறைமுகத்தில் தமிழ் எழுத்தில் கல்வெட்டோடு எழுந்த சிவன் கோயில். அதன் சிற்பங்கள் இன்றும் அந்த ஊர் அருங்காட்சியகத்திலும் கையுவான் பௌத்தக் கோயிலிலும் இருக்கின்றன. 2021இல் யுனெஸ்கோ அந்தத் துறைமுக நகரின் சின்னங்களை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டு பேக்கேஜ்களில் அந்த ஊரைத் தேடிப்பாருங்கள்; பார்ப்பது அபூர்வம். யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் விற்பதில்லை.

மூன்றாம் கோல்: நம் கேள்வி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் குடிகாட்டுப் பக்கம் வந்துவிட்டது என்பதை நடத்துநர் சொல்ல வேண்டியதில்லை, மூக்கு சொல்லிவிடும். 1980களிலிருந்து உப்பனாற்றங்கரையில் நிற்கும் சிப்காட் ரசாயன ஆலைகளோடு வாழ்ந்த ஊர்கள் இவை. 2004இல் இங்குள்ள மக்களே வாளி போன்ற எளிய கருவியால் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட நச்சுப் பொருள்கள் அதில் இருப்பது வெளிவந்தது. இப்படிப்பட்ட ஊர்க்காரர் பெய்ஜிங்குக்குப் போனால் இயல்பாக எழவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உலகமே மூக்கைப் பொத்திக்கொண்டு பேசிய ஊராயிற்றே, இந்தப் புகை எங்கே போயிற்று?

விடை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. மேற்கே ஷிஜிங்ஷான் பகுதியில் 1919இல் தொடங்கிய ஷோகாங் இரும்பாலை, தலைநகரின் புகைக்குப் பெரும் காரணங்களுள் ஒன்று. 2010 முடிவில் அங்கே உலை அணைந்தது. உலைகளையும் குளிர்விப்புக் கோபுரங்களையும் இடிக்காமல் விட்டு, சுற்றிலும் பூங்கா அமைத்தார்கள். 2022 குளிர்கால ஒலிம்பிக்கின் பனிச்சறுக்குத் தாண்டல் போட்டி அந்தக் கோபுரங்களின் நிழலில்தான் நடந்தது. மெட்ரோவிலேயே போய்விடலாம். காற்றில் மிதக்கும் நுண்துகளின் ஆண்டுச் சராசரி 2013இல் கனமீட்டருக்கு 89.5 மைக்ரோகிராம்; 2021இல் 33. இந்தியா தனக்கு வைத்துக்கொண்டிருக்கும் வரம்பு 40. அந்த மாற்றத்தில் அளவெடுப்புக்கும் பங்குண்டு: அமெரிக்கத் தூதரகம் 2008 முதல் தன் கட்டடத்தில் கருவி வைத்து எண்ணை வெளியிட்டது, மக்கள் பேச்சு வலுத்தபின் 2012இல் நகர நிர்வாகமும் வெளியிடத் தொடங்கியது. குடிகாட்டு வாளிக்கும் அந்தக் கருவிக்கும் வேலை ஒன்றுதான்.

ஆனால் விடையின் மறுபாதியும் உண்டு. ஷோகாங் சாகவில்லை, ஹெபெய் மாகாணத்தில், போஹாய் வளைகுடாக் கரையிலுள்ள சாவ்ஃபெய்தியனுக்கு இடம்பெயர்ந்தது. அதை உள்ளடக்கிய தாங்ஷான் நகரம் பல ஆண்டுகள் சீனாவின் மோசமான காற்றுப் பட்டியலில் கடைசி வரிசையில் நின்றது. தலைநகரம் மூச்சுவிடக் கடலோர ஊர் ஒன்று புகையை வாங்கிக்கொண்டது. இந்த ஏற்பாட்டைக் குடிகாட்டுக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் பெய்ஜிங்கிலிருந்து கொண்டுவரக்கூடிய அறிவு என்று ஒன்று இருந்தால் அது இதுதான்: உலையை நிறுத்த முடியும், காற்று எட்டே ஆண்டில் தெளியும், ஆனால் உலை எங்கே போகிறது என்று கேட்காமல் பாராட்டக் கூடாது. நிரலில் ஷோகாங்குக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. பச்சைக்கல் ஆலைக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது.

ஷோகாங்கை மறைத்தவர்கள் யார்? சீன அரசு அதை மறைக்கவில்லை, பெருமையோடு காட்டுகிறது. கமிஷன் கிடைக்காத இடம் என்பதால் வணிகம் விட்டுவிட்டது. நாம் கேட்கவில்லை என்பதால் நிரல் எழுதியவரும் விட்டுவிட்டார். மூன்று திரைகளில் எது கனமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தீர்ப்பு

இதற்கு மாற்று தனியே போவதுதானே என்று இளைஞர்கள் சொல்வார்கள். ஆங்கிலமும் செயலிகளும் கைவந்த முப்பது வயதுக்காரருக்கு அது சரி. அவர் குழுவில் சேர்வது வீண்செலவு. நான்கு பேர் சேர்ந்து, மெட்ரோவில் அலைந்து, தெருவில் சாப்பிட்டு, குறைந்த காசில் கூடுதல் ஊரைப் பார்க்கலாம். ஆனால் தனியே போனவர் எல்லோரும் ஆழமாகப் பார்த்தார்கள் என்பது மூடநம்பிக்கை. யூடியூபில் பார்த்த அதே இடத்தில் அதே கோணத்தில் படமெடுத்துத் திரும்புகிறவரும் தனியே போனவர்தான். கேள்வி இல்லாமல் போனால் கொடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

எனவே என் முடிவு இது. வயதானவர்களுக்கும், முதல்முறை கடல் தாண்டுகிறவர்களுக்கும், மொழியும் செயலியும் பயமுறுத்துகிறவர்களுக்கும் பெய்ஜிங் குழுச் சுற்றுலா வாங்கத் தகுந்த பண்டம். ஆனால் அதை வாகனமாகவும் தங்குமிடமாகவும் நுழைவுச்சீட்டாகவும் மட்டும் வாங்க வேண்டும். ஆசிரியராக வாங்கக் கூடாது. இன்று விற்கும் வடிவத்தில் அது முதல் கோலில் தேறுகிறது, இரண்டாவதில் தவறுகிறது, மூன்றாவதில் தேர்வே எழுதவில்லை. மூன்றாவது தோல்வி பெரும்பாலும் நம்முடையது என்பதால் திருத்துவதும் நம் கையில் இருக்கிறது.

முன்பணம் கட்டுமுன் நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். ஆலை, சடங்கு, மருத்துவமனை என்ற பெயர்களில் நிரலில் உள்ள கடைகள் எத்தனை, அவற்றை நீக்கினால் கட்டணம் எவ்வளவு கூடும்? கூடும் தொகையைக் கட்டிவிடுங்கள், அதுதான் உண்மை விலை. ஒரே வாரத்தில் மூன்று நகரம் என்பதை இரண்டாகக் குறைத்து, மீந்த நேரத்தில் ஒருநாளை வெற்று நாளாக விடுவாரா? அந்த நாளில் மெட்ரோவைப் பழக்கிவிட உள்ளூர் கைடு அரைநாள் கூட வருவாரா? ஒருவேளைச் சாப்பாடாவது அந்த ஊர்ச் சாப்பாடாக, வேண்டியவர்களுக்கு அந்த ஊர்ச் சைவமாக, இருக்குமா? இவற்றுக்கு மழுப்பாமல் பதில் சொல்கிற டிராவல்ஸ்காரரிடம் பணத்தைக் கொடுக்கலாம். சிரித்துவிட்டு விளம்பரத் தாளை மறுபடி நீட்டுகிறவரிடம் கொடுக்க வேண்டாம்.

ஐந்தாவது விஷயத்தை டிராவல்ஸ்காரரிடம் கேட்க முடியாது. விவசாயி என்றால் அந்த ஊர்ச் சந்தையில் நெல் என்ன விலை, ஆசிரியர் என்றால் பள்ளி எத்தனை மணிக்கு விடுகிறது, சிப்காட் பக்கத்தவர் என்றால் ஆலைக்கழிவு எங்கே போகிறது என்று, ஆளுக்கொரு கேள்வியை வீட்டிலேயே தேர்ந்தெடுத்துக்கொண்டு விமானம் ஏற வேண்டும். குழுவில் முப்பது பேர் என்றால் முப்பது கேள்விகள். அவற்றில் பத்துக்கு விடை கிடைத்தாலும் அந்தப் பயணம் கட்டிய காசுக்கு ஈடானது என்பேன்.